வரிசை மாறாமல் வந்த கேள்விகள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், அவள், பிள்ளைகள் இருவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா சர்க்கரையைக் குறைத்துவிட்டாரா, இல்லை மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்று டீயில் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டுதான் இருக்கிறாரா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆணித் தொழிற்சாலையை மூடப் போகிறார்கள். போன திங்கட்கிழமை, நாங்கள் கையெழுத்துப் போடும் மேஜைக்கு மேலே ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். ஏப்ரல் கடைசி வரைக்கும்தான் வேலை. எந்திரங்களை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார்களாம். எந்திரங்களுக்கு வேலை இருக்கிறது, எங்களுக்குத்தான் இல்லை. அந்தத் தாளை எல்லோரும் நின்று படித்தார்கள். படித்துவிட்டு வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். நானும் போனேன்.

இருபத்தாறு வருடம் ஒரே இடத்தில் இருந்துவிட்டேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. மூத்தவள் படிப்பை முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, சின்னவள் எட்டாவதுதான் படிக்கிறாள். வேறு வேலை தேடியே ஆகவேண்டும். கடைசியாக நான் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, பழைய முதலாளி ஒரு கம்பியை என் கையில் கொடுத்து, "இதை ஆடாம பிடி" என்றார். பிடித்தேன். "நாளைக்கு வா" என்றார். அவ்வளவுதான் தேர்வு. இப்போதெல்லாம் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் கேள்வி கேட்கிறார்களாம்.

நீ பத்தொன்பது வருடமாக உன் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாய். நேர்முகத் தேர்வு நடக்கிற அறையில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள். என்ன கேட்பார்கள், என்ன சொல்லவேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடு. களைப்பாக இருக்கிறது அக்கா. வேலை செய்த களைப்பு இல்லை, புதிதாக ஆரம்பிக்கவேண்டுமே என்கிற களைப்பு.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


ஜனவரி 18

அன்புள்ள வாலு,

ஐம்பத்திரண்டு வயதுக்காரனை இப்படிக் கூப்பிடலாமா என்று மாமா கேட்கிறார். வால் இன்னும் விழவில்லை என்று சொல்லிவிட்டேன். என் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது. மாமா இப்போது ஒரு கரண்டிதான், ஆனால் கரண்டியைப் பெரிதாக மாற்றிவிட்டார்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் சாதாரண ஆட்கள். ஒருவருக்கு எப்போது முடியும் என்று இருக்கும். இன்னொருவர் உன் விண்ணப்பத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாமவர்தான் உண்மையாகக் கேட்பார். அது யார் என்று கண்டுபிடித்து அவரைப் பார்த்துப் பேசினால் போதும்.

முதலில் உன் வேலை விவரத்தை எழுதி அனுப்பு. இரண்டாவதாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் செய். நான் கேள்வி கேட்கிறேன், நீ பதில் சொல். நாலு வாரம் அப்படிப் பழகினால் நாக்குக்குப் பயம் தெளிந்துவிடும். ஆனால் ஒன்று, இந்த இரண்டு வருடமாக நான் எப்போது போன் செய்தாலும் உன் மனைவிதான் எடுக்கிறாள், நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். இவ்வளவு சுத்தமான மனிதன் நம் குடும்பத்தில் இதற்கு முன் பிறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழுக்காக இரு.

குழந்தைகளுக்கு அத்தையின் முத்தம்.

உன் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். சின்னவளுக்கு லேசாகச் சளி, சரியாகிவிட்டது. அங்கே குளிர் எப்படி?

போன் வேண்டாம் அக்கா. போனில் பேசினால் எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறாது. நீ எழுதி அனுப்பு. எழுத்தில் இருந்தால் திரும்பத் திரும்பப் படித்து மனப்பாடம் செய்துகொள்வேன். பள்ளிக்கூடத்தில் நான் பாஸானதே மனப்பாடத்தில்தான் என்பது உனக்குத் தெரியாததா?

வேலை விவரம் எழுத உட்கார்ந்தேன். "ஆணித் தொழிற்சாலை, இருபத்தாறு வருடம்" என்று எழுதிய பிறகு பேனா நகரவில்லை. என்ன செய்தேன் என்று எழுதுவது? காலையில் போனேன், சாயங்காலம் வந்தேன். சரி, உனக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன், நீயே அலங்காரம் பண்ணிக்கொள்.

நாற்பது எந்திரங்களுக்கும் முப்பத்தெட்டு ஆட்களுக்கும் நான் மேற்பார்வையாளன். கம்பி ஒரு பக்கம் உள்ளே போகும், நறுக்கிக் கொண்டை அடித்து மறுபக்கம் ஆணியாகக் கொட்டும். நாற்பதும் ஒன்றாக ஓடும்போது அந்தக் கூடத்தில் இடி விழுந்தால்கூடத் தெரியாது. அதனால் நாங்கள் யாரும் வாயால் பேசுவதில்லை. உள்ளங்கையைத் தலையில் வைத்தால் முதலாளி வருகிறார். இரண்டு விரலால் மணிக்கட்டைத் தட்டினால் டீ. மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்தே படித்துவிடுவோம். ஐம்பது அடி தள்ளி நிற்கிறவன் என்னைத் திட்டினாலும் என்ன வார்த்தை என்று சொல்லிவிடுவேன். திட்டினவன் திகைத்துப்போவான்.

என் திறமை என்று கேட்டால் இதைச் சொல்லலாம். எந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதுவரை தப்பியதில்லை.

இதையெல்லாம் எப்படி விண்ணப்பத்தில் போடுவது?

உன் தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள வாலு,

இங்கே குளிர் போய்விட்டது, தும்மல் மட்டும் தங்கிவிட்டது. சின்னவளைக் காலையில் வெறுங்காலோடு நடக்கவிடாதே.

நீ எழுதியதை அப்படியே சுத்தப்படுத்தி வேலை விவரமாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "நாற்பது எந்திரங்கள், முப்பத்தெட்டு ஆட்கள், பழுது கண்டறிவதில் நிபுணர்" என்று போட்டிருக்கிறேன். நிபுணர் என்றதும் நெஞ்சை நிமிர்த்தாதே. முன்பெல்லாம் நீ காதை வைத்துக் கேட்டே பழுதைச் சொல்வாய், லீவில் வந்தால் எங்கள் மின்விசிறிக்குக்கூட வைத்தியம் பார்ப்பாய். இப்போது உள்ளங்கையில் சொல்கிறாயா? பதவி உயர உயரக் காது இறங்கிக் கைக்கு வந்துவிட்டதோ என்னவோ.

தனித்தாளில் பத்துக் கேள்விகள் எழுதியிருக்கிறேன். முதலாவது, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். இதற்கு நம் அப்பா அம்மாவிலிருந்து ஆரம்பிக்காதே, வேலையிலிருந்து ஆரம்பி. ஏன் இருபத்தாறு வருடம் ஒரே இடத்தில் இருந்தீர்கள் என்பது நாலாவது. இதை நிச்சயம் கேட்பார்கள். வேறு வழியில்லாமல் இருந்தேன் என்று உண்மையைச் சொல்லித் தொலைக்காதே. எட்டாவது கேள்வியும் முக்கியம்: உங்கள் மேலதிகாரி ஒரு முட்டாள் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? மற்றதையெல்லாம் தாளில் பார்த்துக்கொள்.

முக்கியமாக ஒன்று. கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல். போன வருடம் எங்களிடம் ஒரு பெரியவர் வந்தார். எந்த ஊர் என்று கேட்டால் வயதைச் சொல்கிறார். வயதைக் கேட்டால் "ரொம்ப நன்றிங்க" என்கிறார். எல்லாவற்றுக்கும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டுகிறார். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு அந்த அறையில் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டீ வருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தோம். நீ அப்படி எதையாவது செய்து என் மானத்தை வாங்காதே.

பதில்களை எழுதி அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் எழுதி மூன்று வாரம் ஆகப் போகிறது, உன்னிடமிருந்து பதிலே இல்லை. நேற்றுப் போன் செய்தேன். உன் மனைவி எடுத்து, நீ கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். அவள் குரலும் ஒரு மாதிரி இருந்தது.

பத்துக் கேள்விகளும் உன்னை மிரட்டிவிட்டனவா? மிரளாதே. எனக்கு இரண்டு வரி எழுது.

உன் அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு நாலு நாள் காய்ச்சல், அதனால் எழுதவில்லை. இப்போது பரவாயில்லை. நீ தும்மலுக்கு மருந்து எடுத்துக்கொண்டாயா?

பத்துக் கேள்விகளுக்கும் பதில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். உனக்குத் திருத்த அனுப்பவில்லை, நேரம் இல்லை. பதினான்காம் தேதி திருகாணி செய்கிற ஒரு தொழிற்சாலையில் கூப்பிட்டிருக்கிறார்கள். சின்னவள்தான் தாளை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டுப் பார்க்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, மேனேஜர் மாதிரி என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள். அவளிடம் நான் பத்துக்குப் பத்து.

இங்கே வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் ஆசீர்வாதத்தில் நேர்முகத் தேர்வு நன்றாக நடந்தது.

மூன்றாம் மாடியில் ஓர் அறை. கதவைச் சாத்தியதும் எந்திரம் நின்ற மாதிரி இருந்தது. தரையில் தடித்த விரிப்பு, ஜன்னலுக்குத் திரை. நீ சொன்னதுபோலவே மூன்று பேர். நடுவில் இருந்தவருக்கு மேலுதடு தெரியாத மீசை, அவர் தாளைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். ஒருவர் ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், பின்னாலிருந்து வெயில் அடித்ததில் அவர் முகம் இருட்டாக இருந்தது. மூன்றாவது ஆள் சின்ன வயது, கன்னத்தில் கையை வைத்து வாயை மூடிக்கொண்டே பேசினார். உட்காரும்படி கையைக் காட்டினார்கள், உட்கார்ந்தேன்.

நீ எழுதிய பத்துக் கேள்விகளையும் கேட்டார்கள் அக்கா. நீ எழுதிய வரிசையிலேயே கேட்டார்கள். நான் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. ஏன் ஒரே இடத்தில் இருந்தீர்கள் என்பதற்கு, ஒரு வேலையை முழுதாகக் கற்றுக்கொள்ள இருபத்தாறு வருடம் போதாது என்று சொன்னேன். எட்டாவதற்கு, "அவருக்கே தெரியாமல் வேலையைச் சரியாக முடித்துவிடுவேன்" என்றேன். அதைச் சொன்னபோது மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். சின்ன வயதுக்காரர் எனக்குத் தண்ணீர்கூட ஊற்றிக் கொடுத்தார். பத்தாவதைச் சொல்லி முடிக்கும் முன்பே மீசைக்காரர் எழுந்து கைகுலுக்கிவிட்டார். பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். எனக்கு முன்னால் உள்ளே போனவர்கள் எல்லாம் அரை மணி நேரம் இருந்தார்கள்.

கடிதம் போடுவார்களாம். மாமாவிடம் சொல்.

உன் தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். மாமாவிடம் இன்னும் காட்டவில்லை.

எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. இந்தப் பத்தொன்பது வருடத்தில் எந்தக் குழுவும் தாளில் இருக்கிற வரிசையில் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கேள்வியைக் கேட்பார்கள், உன் பதிலைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ போய்விடுவார்கள். அதுகூடப் போகட்டும். அந்த எட்டாவது கேள்வி நான் விளையாட்டுக்கு எழுதியது. நீ படித்துச் சிரிப்பாய் என்று எழுதியது. உலகத்தில் எந்த மேலதிகாரியும் அதைக் கேட்கமாட்டார்.

உனக்குக் காது கேட்கவில்லை. அப்படித்தானே?

அதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க இந்தத் தாளை மேஜையிலேயே வைத்திருந்தேன். குளித்துக்கொண்டே இருக்கிறாய் என்று கேலி செய்தேன். காது கைக்கு இறங்கிவிட்டது என்று கேலி செய்தேன். எல்லாவற்றையும்விட, அந்தப் பெரியவர் கதையை உனக்கு எழுதினேன். அவருக்கும் காது கேட்கவில்லை என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். நீ பதில் போடாத அந்த மூன்று வாரமும் உனக்குக் காய்ச்சல் இல்லை என்று இப்போது தெரிகிறது. என்னை மன்னித்துவிடு. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நான் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறவள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை பத்துக் கேள்விகளையும் தூக்கிப்போடு. அறைக்குள் போனதும் ஒரே ஒரு வரி சொல். "எனக்குக் காது சரியாகக் கேட்காது. என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள்." அவ்வளவுதான். இதைச் சொன்னால் வேலை கிடைக்காமல் போகலாம், மறைக்கமாட்டேன். சொல்லாவிட்டால் ஒவ்வோர் அறையிலும் நீ வெளியே போன பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நமஸ்காரம். நீங்களும் அண்ணாவும் நலமாக இருக்கவேண்டும். நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசிக் கடிதத்தை இவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். துவைக்கப் போடும்போது எடுத்து வேறு சட்டையில் வைப்பார். என்னிடம் காட்டவில்லை. திருகாணித் தொழிற்சாலையிலிருந்து வேலை இல்லை என்று கடிதம் வந்த அன்றுதான் காட்டினார். நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆறு வருஷமாத் தெரியும்" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எப்படிச் சொல்வேன் அண்ணி? முதலில் டிவி சத்தத்தைக் கூட்டினார். அப்புறம் போன் வந்தால் என்னைப் பார்ப்பார். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். நான் முன்னால் போய் நின்று பேசப் பழகிக்கொண்டேன். எங்கள் வீட்டில் யாரும் யார் முதுகுக்குப் பின்னாலும் பேசுவதில்லை, பேசிப் பயனில்லை. அவராகச் சொல்லட்டும் என்று நானும், கண்டுபிடித்துவிடுவாளோ என்று அவரும், இப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

பிள்ளைகள் விஷயம் ஒன்று. போன மாதம் சின்னவளின் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு ஏன் வாயை இவ்ளோ அகலமாத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திப் பேசறா? ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அவள் அப்பாவுக்குப் பேசிப் பேசி அப்படிப் பேசத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள். எல்லோரிடமும் அப்படித்தான் பேசவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதை இவரிடம் சொல்லலாமா, கூடாதா? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

தொழிற்சாலைக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. பாதி எந்திரங்களைக் கழற்றிவிட்டார்களாம். சத்தம் குறையக் குறைய இவருக்குத்தான் அங்கே கஷ்டம். மற்றவர்கள் எல்லாம் வாயைத் திறந்து சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்களாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


மே 4

அன்புள்ள அம்மாடி,

உன் கையெழுத்து என் தம்பி கையெழுத்தைவிட அழகாக இருக்கிறது. நாங்கள் சுகம், கவலைப்படாதே.

சின்னவள் விஷயத்தைச் சொல்லிவிடு. உங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் காப்பாற்றிக் காப்பாற்றிக் களைத்துப் போயிருக்கிறீர்கள். அவன் கோபப்படுவான், இரண்டு நாள் பேசமாட்டான். பேசாமல் இருப்பதற்கு நீதான் பழகியிருக்கிறாயே.

நான் அங்கே வரலாம் என்று இருக்கிறேன், அதை மட்டும் இப்போது அவனிடம் சொல்லாதே. வந்தால் வேண்டுமென்றே குளிக்கப் போய்விடுவான். அவனாக எழுதும்வரை காத்திருக்கிறேன்.

உன் அண்ணி


மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்துக்குப் பதில் போட ஐம்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. முதல் இருபது நாள் உன்மேல் கோபம். அப்புறம் இவள்மேல் கோபம். சின்னவள் பேச்சைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு என் கோபம் எல்லாம் முடிந்துபோயிற்று. கோபப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

உனக்கு உண்மையை எழுதுகிறேன். எனக்கு எப்போதிருந்து கேட்கவில்லை என்று எனக்கே தெரியாது. அந்தக் கூடத்தில் யாருக்கும்தான் கேட்காது. எல்லோரும் கையைக் காட்டினார்கள், நானும் காட்டினேன். எல்லோரும் உதட்டைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால், அவ்வளவு சத்தத்தில் இருந்துவிட்டு வந்ததால் காது அடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அடைப்பு விலகவே இல்லை. காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு அடைப்பான்கள் கொடுப்பார்கள், அதை ஆட்களுக்கு எண்ணிக் கொடுக்கிறவனே நான்தான். நான் வைத்துக்கொள்ளமாட்டேன். வைத்தால் எந்திரத்தின் குரல் கேட்காது என்று ஒரு திமிர்.

அந்த மூன்றாம் மாடி அறையில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அவர்கள் வாய் அசைகிறது, ஒரு வார்த்தையும் வரவில்லை. எழுந்து ஓடியிருக்கவேண்டும். உன் பெரியவர் ஞாபகம் வந்தது. தலையாட்டிச் சிரிக்கக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை அவர்கள் வாய் மூடும்போதும் அடுத்த பதிலைச் சொன்னேன். உனக்கு எழுதும்போது எனக்கே அது நிஜமாக நடந்த மாதிரி இருந்தது.

போன வியாழக்கிழமை பிளாஸ்டிக் குழாய் செய்கிற ஓர் இடத்தில் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் வேலை. ஓர் அம்மாள்தான் மேனேஜர், பக்கத்தில் இரண்டு பேர். உட்காருவதற்கு முன்னாலேயே நீ எழுதிய வரியைச் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன், குரல் எவ்வளவு பெரிதாக வந்ததோ தெரியாது, இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள். உடனே ஒருவர் கத்த ஆரம்பித்தார். அந்த அம்மாள் அவர் கையைத் தட்டி ஏதோ சொல்லிவிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நான் பேசறது தெரியுதா?" என்றார். தெரிந்தது. பிறகு நாற்பது நிமிடம் பேசினோம். உன் பத்துக் கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

கடைசியில் நேராகச் சொன்னார். "உங்க அனுபவம் எங்களுக்கு வேணும். ஆனா மேற்பார்வையாளருக்குக் காதுச் சோதனை கட்டாயம். எங்க கூடத்துல எச்சரிக்கை மணி அடிச்சா, முதல்ல கேக்க வேண்டியது அவர்தான். சோதனையில பாஸ் ஆனா இந்த வேலை. ஆகலைன்னா வேற என்ன இருக்குன்னு பாக்கறேன், ஆனா அது இவ்ளோ பெரிய வேலையா இருக்காது." அடுத்த மாதம் சோதனை. எனக்கு அந்தப் பெரிய வேலைதான் வேண்டும் அக்கா. அதற்குத்தான் நான் இருபத்தாறு வருடம் பழகியிருக்கிறேன்.

உன் முழங்காலுக்குப் பட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாயா?

உன் தம்பி


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறோம். நீயும் மாமாவும் அடுத்த மாதம் வருவதாக இவள் சொன்னாள். வாருங்கள், குளிக்கப் போகமாட்டேன்.

வேலை கிடைத்துவிட்டது. நாம் நினைத்த வேலை இல்லை. செய்து முடித்த குழாய்களைத் தடவிப் பார்த்து, கீறல் இருப்பதை ஒதுக்கி வைக்கிற மேஜை. நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் ஐந்தாவது. எல்லோரும் மூத்தவள் வயது. என்னைச் 'சார்' என்று கூப்பிடுவதா வேண்டாமா என்று அவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது. சம்பளம் குறைவுதான், மூத்தவள் படிப்பை எப்படியும் முடித்துவிடலாம். திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முதுகு வலிக்கிறது.

சோதனையைப் பற்றி யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். இவளிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கவேண்டும். சத்தம் கொடுக்கிற பெண் வெளியே இருந்தாள், நடுவில் கண்ணாடி. நாற்காலியைப் பக்கவாட்டில்தான் போட்டிருந்தார்கள். ஆனாலும் ஓரக்கண்ணில் அவள் வாயும் வலது தோளும் எனக்குத் தெரிந்தன. அவள் விசையைத் தட்டும்போதெல்லாம் அந்தத் தோள் ஒரு நூல் அளவு இறங்கியது. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. இருபத்தாறு வருடம் கையையும் தோளையும் பார்த்தே பிழைத்தவனுக்குத் தெரியும்.

தோள் இறங்கியது, அமுக்கினேன். மறுபடி இறங்கியது, அமுக்கினேன். ஏழோ எட்டோ தடவை சரியாக அமுக்கிவிட்டேன். அவள் தாளில் குறித்துக்கொண்டே தனக்குத் தானே "நல்லாக் கேக்குதே" என்று சொல்லிக்கொண்டதைக்கூடப் படித்துவிட்டேன். இன்னும் பத்து நிமிடம் அப்படியே இருந்தால் போதும், அந்த வேலை என்னுடையது. அப்போது அந்தக் கூடத்தை நினைத்துப் பார்த்தேன். மணி அடிக்கிறது, நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், எனக்குக் கீழே இருக்கிற முப்பது பேரும் நான் எப்போது திரும்புவேன் என்று என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கண்ணை மூடிக்கொண்டேன் அக்கா. பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு நிஜமாகவே ஆசையாக இருந்தது, ஒன்றாவது கேட்கவேண்டும் என்று. ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லைபோல என்று நினைத்துக்கொண்டேன். காத்திருந்தேன். கடைசியில் யாரோ தோளைத் தொட்டார்கள், கண்ணைத் திறந்தேன். அந்தப் பெண் உள்ளே வந்து என் எதிரே நின்றுகொண்டிருந்தாள். சோதனை முடிந்துவிட்டது என்றாள். அவ்வளவு நேரமும் அவள் சத்தம் கொடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

மாமாவுக்கு என் அன்பு. வரும்போது ரயிலில் கீழ்ப்படுக்கை பார்த்துப் போட்டுக்கொள், உன் முழங்காலுக்கு அதுதான் நல்லது.

உன் தம்பி